உழைக்க உழைக்க உரமேறும் உடம்பு

நம் பேராக் மாநிலத்துக் கோலகங்சாரில் 1943இல் பிறந்தவர் டாக்டர் மணி ஜெகதீசன். 1966இல் பாங்காக் ஆசிய விளையாட்டுப் போட்டியில் மூன்று தங்கப் பதக்கங்களை வென்றார். 1968இல் மெக்சிகோ ஒலிம்பிக்கில் அவர் 200 மீட்டரை 20.92 வினாடிகளில் ஓடிய தேசியச் சாதனை 2017 வரை நிலைத்தது. அந்த வேகத்தில் பிறவிக்கும் பங்குண்டு, பயிற்சிக்கும் பங்குண்டு.

பயிற்சியால் உடம்பில் என்ன நடக்கிறது? முதல் சில வாரங்களில் தசை அதிகம் பருப்பதில்லை. கூடுதலான தசைநார்களை ஒருசேர வேலைவாங்க நரம்புகள் பழகுகின்றன. பிறகு, உணவிலுள்ள புரதத்தைக் கொண்டு, ஓய்வு வேளையில் நார்கள் தடிக்கின்றன. தொடர்ந்து நடப்பவருக்குத் தசையில் நுண்ணிய இரத்தக் குழாய்கள் பெருகும். இதயம் ஒரே துடிப்பில் அதிக இரத்தத்தை அனுப்பும். ஆகவே ஓய்வில் நாடி நிதானமாகத் துடிக்கும்.

விடியுமுன் எழுந்து, மேடேறிப் பால்மரம் வெட்டி, வாளி சுமந்த நம் பெரியவர்களுக்கு உழைப்பே பயிற்சியாக இருந்தது. தோட்டத்தை விட்டு ஈப்போவுக்குக் குடிவந்த பிறகு, "மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்குதே!" என்கிறார் தாத்தா. வயது மட்டுமா காரணம்? வேலையற்ற தசை சில வாரங்களிலேயே மெலியத் தொடங்கும். ஆனால் எழுபது வயதிலும் பயிற்சி கொடுத்தால் அது மீண்டும் வலுப்பெறும்.

கையூன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து உட்கார்வதும் பயிற்சிதான். இன்று ஐந்து முறை. அடுத்த வாரம் ஏழு முறை. கூடவே மாலையில் நடங்கள். இதய நோயுள்ளவர்கள் முதலில் மருத்துவரைக் கேளுங்கள். தாத்தாவைத் தனியே அனுப்பாமல், பேரப்பிள்ளைகளும் உடன் நடக்கட்டும்.