காக சரணாகதி: கதியற்று விழுந்தவனும் பெற்ற க்ஷமை

வேறு புகல்கள் எல்லாம் பொய்த்தபின் எம்பெருமானை நாடுகிறவனுக்கு ஓர் ஐயம் எழுவதுண்டு. நலமாயிருந்த நாளில் நினையாதவனை அழிவு நெருங்கியபோது அழைப்பது சரணாகதியாகுமா, அன்றி வெறும் உயிரச்சமா என்பது அது. தான் செய்த குற்றமே அவ்வழிவுக்குக் காரணமாயின் ஐயம் இன்னும் கடுமையாகிறது. இவ்விடத்தில் பூர்வாசார்யர்கள் பலகாலும் எடுத்தாளும் விஷயம் காக வ்ருத்தாந்தம்.

ஸ்ரீராமாயணம் ஸுந்தரகாண்டம் 38ஆம் ஸர்க்கத்தில் பிராட்டி திருவடிக்கு அடையாளமாக உரைப்பது இது. சித்ரகூடத்தில் பெருமாள் அவள் மடியிலே கண்வளர்ந்தருளியபோது, இந்திரன் மகன் காக வடிவில் வந்து அவள் திருமார்பைக் குத்தினான். குருதி பட்டு உணர்ந்த பெருமாள் தர்ப்பாஸனத்திலிருந்து ஒரு புல்லை எடுத்து, ப்ரஹ்மாஸ்த்ரமாக மந்த்ரித்து விட்டார். காகம் மூவுலகும் சுழன்றது. பெற்ற தந்தை கைவிட்டான். தேவர்களும் மஹர்ஷிகளும் கைவிட்டனர். முடிவில் அஸ்த்ரம் விட்டவர் முன்னிலையிலேயே வந்து தரையில் விழுந்தது. வதத்துக்கு உரியதாயினும் க்ருபையாலே அதைக் காத்தார் பெருமாள். அமோகமான அஸ்த்ரத்துக்கு வலக்கண் இலக்காயிற்று, உயிர் தப்பியது. பெரியாழ்வாரும் திருவடி பிராட்டிக்கு அடையாளம் சொல்லும் பதிகத்தில் இதைச் சேர்த்தருளினார்.

இதில் காகம் செய்தது யாது என்று ஆராய்ந்தால் மிகச் சிறிதே தேறுகிறது. பிழை பொறுக்கும்படி அது வேண்டிய சொல் இங்கே கூறப்படவில்லை. இனிப் பிழை செய்யேன் என்ற ஸங்கல்பமும் இல்லை. பெருமாளை முதற்புகலாகவும் அது கொள்ளவில்லை. மற்றெல்லா வாசல்களும் அடைந்தபின்பே வந்தது. வந்ததும் பக்தியால் அன்று, ஓடுவதற்கு இடமில்லாமையால். ஆயினும் வால்மீகி பகவான் அதைச் சரணாகதன் என்றே வழங்குகிறார். விழுந்ததையன்றி வேறொன்றும் காணாதவிடத்து அச்சொல்லை இட்டதே வ்யாக்யாதாக்களின் ஆராய்ச்சிக்கு இடமாயிற்று.

ஆகிஞ்சந்யமும் அநந்யகதித்வமும் சரணாகதிக்கு அதிகாரம். தன்னிடம் கைமுதல் இல்லை என்பது முன்னது. வேறு ரக்ஷகர் இல்லை என்பது பின்னது. கற்றோர் இவற்றை சாஸ்த்ரத்தால் உணர்வர். காகத்துக்கோ இவை அடிபட்டு வந்தன. தந்தை கதவடைத்தது அதற்குப் பெருந்துயரம்; அநந்யகதித்வம் பிறந்ததும் அக்கதவடைப்பிலேயே. ஆனால் அதிகாரம் வேறு, உபாயம் வேறு. கதியின்மை தானே காக்குமாயின் இராவணனும் பிழைத்திருக்கவேண்டும். தம்பியரையும் மக்களையும் இழந்து தனித்து நின்றவன் அவன். இரண்டாய் முறிந்தாலும் வளைவதில்லை என்றிருந்தான். இருவருக்கும் இடர் ஒத்தது. விழுகை ஒன்றே வேறுபாடு. அவ்விழுகையை ஸ்ரீதேசிகன் ஸம்ப்ரதாயத்தார் எம்பெருமானது க்ருபைக்கு வ்யாஜமாகக் கொள்வர். பிள்ளை லோகாசார்யர் வழியினர் அதனையும் உபாயமாக எண்ணாமல், அவன் ரக்ஷணத்தை விலக்காமை மாத்ரமாகக் கொள்வர். சிறகொடிந்து வீழ்ந்த பறவையின் செயலை எவ்வளவு பெரிதாக்கினாலும் அது க்ருபைக்கு ஈடாகாது என்பதில் இரு திறத்தாருக்கும் கருத்து வேற்றுமை இல்லை.

இனி, அஸ்த்ரம் விட்ட திருவுள்ளம் அப்போதே இரங்கியது எங்ஙனே? முமுக்ஷுப்படி த்வயப்ரகரணத்தில் பிள்ளை லோகாசார்யர், காகம் பிழைத்ததற்கும் இராவணன் முடிந்ததற்கும் பிராட்டியின் ஸந்நிதியையும் அஸந்நிதியையும் காரணமாக்கினார். சீதை இலங்கையில் இருக்க அஸந்நிதி எப்படி என்னில், அம்பு தொடுத்தவர் அருகே அவள் இல்லை என்பதே கருத்து. இராவணனுக்கும் அவள் ஹிதம் உரைத்தாள். பெருமாளோடு நட்புக் கொள்ளும்படி சொன்னாள். அவன் கேட்டிலன். காகம் விழுந்தபோதோ அவள் அருகிருந்தாள். பாத்மோத்தர புராணம் இன்னும் ஒருபடி மேலே சென்று, முன்னே விழுந்து கிடந்த காகத்தின் தலையைப் பிராட்டி தானே பெருமாள் திருவடிகளில் சேர்த்தாள் என்கிறது. குத்துண்டவள் கையே குத்தியவன் தலையைத் திருப்பியது. புருஷகாரத்துக்கு இதனினும் தெளிந்த வடிவம் காண்பது அரிது.

பராசர பட்டர் ஸ்ரீகுணரத்நகோசத்தில் இதையும் கடந்து செல்கிறார். காகத்தையும் விபீஷணனையும் காத்த பெருமாள், சரணம் என்று வந்தவர்களையே காத்தார். அசோகவனத்து அரக்கியரோ ஒன்றும் வேண்டவில்லை. அவர்கள் குற்றத்தின் ஈரமும் உலரவில்லை. திருவடியின் கையிலிருந்து அவர்களைக் காத்த பிராட்டியின் முன் பெருமாளுடைய கோஷ்டி எளிதாயிற்று என்பது பட்டர் நிர்வாஹம். விழவும் மாட்டாதவனுக்கு இடமுண்டோ என்ற வினாவுக்கு இங்கே விடை கிடைக்கிறது.

வ்ருத்தாந்தத்தைச் சொல்லும் பிராட்டியின் நிலையையும் நோக்கவேண்டும். அப்போது அவளே புகலற்றிருந்தாள். இராவணன் இட்ட கெடுவில் இரண்டு மாதமே எஞ்சியிருந்தது. ஒரு காகத்தின்மேல் ப்ரஹ்மாஸ்த்ரம் விட்டவர், தன்னைக் கவர்ந்தவனைப் பொறுத்திருப்பது ஏன் என்று ப்ரணயரோஷத்தோடு வினவுகிறாள். உடனே, தன்மேல் க்ருபை செய்யவேண்டும் என்கிறாள். இரங்குதலே மேலான தர்மம் என்று அவரிடமே தான் கேட்டதையும் நினைப்பூட்டுகிறாள். வல்லவர்களான இருவரும் வாராதிருப்பதற்குத் தன் துஷ்க்ருதமே காரணமாகவேண்டும் என்றும் சொல்லிக்கொள்கிறாள். மாயமான் நாளில் இளைய பெருமாளைச் சுடுசொல் சொன்ன பாகவதாபசாரத்தை இங்கே கருதுவது ஸம்ப்ரதாயத்தில் வழங்கும் நிர்வாஹம்.

காகத்துக்காகத் தான் செய்ததைப் பற்றி வால்மீகியின் பிராட்டி ஒரு சொல்லும் உரைக்கவில்லை. பெருமாள் க்ருபையாலே காத்தார் என்றதோடு நிறுத்திக்கொண்டாள். அதே க்ருபையைத் தனக்காக வேண்டும் வேளையில், தன் பங்கைச் சொல்லி அதற்கு ஒரு விலை வைக்க அவள் இசையவில்லை போலும். திருவடி சூடாமணியோடு இவ்வார்த்தையையும் கொண்டுபோய்ப் பெருமாள் செவியில் சேர்த்தான் என்பது 67ஆம் ஸர்க்கம்.