கண்ணை முந்தும் கம்பு

கொங்கு நாட்டுக் கோயில் திருவிழாக்களில் சிலம்பம் சுற்றுவதைப் பார்த்திருப்பீர்கள். கம்பு கண்ணில் படாது, வட்டம்தான் தெரியும். ஐந்தடிக் கம்பை நடுவில் பிடித்து நொடிக்கு மூன்று சுற்று சுற்றினால் அதன் முனை மணிக்கு 50 கிலோமீட்டருக்கு மேல் பறக்கிறது. கோவை அவிநாசி சாலையில் ஸ்கூட்டர் ஓடுகிற வேகம் அது! பிடியிலிருந்து மூன்று அங்குலம் தள்ளி அதே கம்பின் வேகம் மணிக்கு 5 கிலோமீட்டர்தான்.

அடுத்த விந்தை பிடியில் இருக்கிறது. சுழற்சியைத் தொடங்கவோ நிறுத்தவோ முயலும்போது ஒரு பொருள் காட்டும் எதிர்ப்பை ‘நிலைமத் திருப்புத்திறன்’ என்பார்கள். சீரான கம்பை நடுவில் பிடிப்பதைவிட நுனியில் பிடித்தால் இந்த எதிர்ப்பு நான்கு மடங்காகிறது. ஆனால் கம்பு எட்டும் தூரம் இரட்டிப்பாகிறது. அதனால்தான் தேர்ந்த ஆட்டக்காரரின் கை ஓரிடத்தில் நிற்பதில்லை. நடுவில் பிடித்து வேகமாகச் சுற்றும், சட்டென்று நுனிக்கு நழுவி நீளமாக வீசும்.

கம்போடு கம்பு மோதும்போது சில அடிகள் மட்டும் கையை விண்ணென்று அதிரவைக்கும், சில அடிகளில் ஒன்றுமே தெரியாது. எல்லாம் அடி விழும் இடத்தைப் பொறுத்தது. நுனியில் பிடித்த கம்பில், மூன்றில் இரண்டு பங்கு நீளத்தில் ‘அடி மையம்’ இருக்கிறது. ஐந்தடிக் கம்பில் அது ஏறத்தாழ மூன்றடி நான்கு அங்குலத்தில் வரும். அங்கே மோதினால் பிடித்த கைக்கு உதறல் மிகக் குறைவு. இந்தச் சூத்திரத்தைப் படிக்காதவரின் கையும் பழகப் பழக அந்த இடத்தைக் கண்டுபிடித்துவிடுகிறது.

இனி இருவரை எதிரெதிரே நிறுத்துவோம். ஒன்றைக் கண்டு, மூளை முடிவெடுத்து, கை அசைய சுமார் 0.2 நொடி ஆகும். அதற்குள் கம்பின் முனை அரை வட்டத்தையே தாண்டியிருக்கும். முனையைப் பார்த்துத் தடுப்பவர் எப்போதும் தாமதம்தான். எனவே எதிரே நிற்பவரின் தோளையும் இடுப்பையும் காலடியையும் படித்து, அடி புறப்படும் முன்பே அதன் பாதையை ஊகிக்க வேண்டும். இந்த ஊகம் தனியாகக் கம்பு சுற்றுவதால் வருவதில்லை. ஒருவர் தெரிந்த பாதையில் மெதுவாக அடிக்க, மற்றவர் தடுக்க, பிறகு இடம் மாறி வேகம் கூட்டிப் பழக வேண்டும். அடிப்பவர் இரக்கப்பட்டுக் கம்பை விலக்கினால் தடுப்பவர் தப்பாகவே கற்றுக்கொள்வார்.

இந்தக் கூட்டுறவையே முழுக் கலையாக்கியது ஜப்பானின் அய்கிடோ. உயெஷிபா மொரிஹெய் (1883–1969) உருவாக்கிய இக்கலையின் பெரும்பாலான பள்ளிகளில் போட்டியே கிடையாது. தாக்கி, வீழ்பவர் ‘உகே’. வீழ்த்துபவர் ‘நாகே’. இருவரும் மாறி மாறி இரண்டு வேலையும் செய்வார்கள். ‘ஜோ’ என்ற சுமார் நான்கடிக் கம்பை வைத்தும் இப்படி இணையாகப் பழகுவதுண்டு.

இதில் வீழ்வதும் பெரிய வித்தை. ஒரு மீட்டர் உயரத்திலிருந்து விழும் உடல் மணிக்கு 16 கிலோமீட்டர் வேகத்தில் தரையைத் தொடும். கையை ஊன்றி 0.02 நொடியில் நின்றால் எலும்பு முறியலாம். கை, தோள், முதுகின் குறுக்கே எதிர்ப்பக்க இடுப்பு என்று உருண்டு, நிற்கும் நேரத்தை 0.2 நொடியாக நீட்டினால் சராசரி விசை பத்தில் ஒரு பங்காகிறது. அந்த விசையும் ஒரே இடத்தில் இறங்காமல் உடலெங்கும் பரவிவிடுகிறது.

சிலம்பத்தில் போட்டிகளும் உண்டு. 2024 ஜனவரியில் சென்னை, கோவை, மதுரை, திருச்சி நகரங்களில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டில் அது காட்சி விளையாட்டாக இடம்பெற்றது. ஆனால் போட்டியில் வெல்பவரின் திறமையில் பாதி, அவரோடு தினமும் கம்பு பிடித்த துணையின் உழைப்பு. அடுத்த முறை சிலம்பம் பார்க்கும்போது கம்பின் முனையை விட்டுவிட்டு இருவரின் காலடிகளைக் கவனியுங்கள். அடி அங்கேதான் முதலில் புறப்படுகிறது.