கல்லின் கனமும் நீரின் தாங்குதலும்

பெங்களூரு அல்சூர்ச் சோமேசுவரர் ஆலயத்து மண்டபத்தில், விஜயநகர பாணிச் சிற்பிகளின் உளிக்கு இணங்கி யாளியாகவும் குதிரையாகவும் உருக்கொண்டு நிற்கும் கருங்கல்லை வியப்பவர்கள், அதன் பாரத்தை நினைப்பது அரிது. ஒரு கன மீட்டர் கருங்கல் ஏறக்குறைய 2,700 கிலோ. அதனையே அருகிலுள்ள ஏரியில் முழுதும் அமிழ்த்தினால், விலகிய நீரின் எடையாகிய 1,000 கிலோவை நீரே ஏற்றுக்கொள்ள, எஞ்சுவது 1,700 கிலோதான். ஆயினும் கல் மூழ்கவே செய்யும். இராமேசுவரத்தில் தொட்டிகளில் மிதக்கவிட்டுக் காட்டும் கற்களோ காற்றுப் புழைகள் மலிந்தவை. பக்தர்களின் விசுவாசத்தோடு நமக்கு வழக்கில்லை, ஆனால் மிதப்பதற்குக் காரணம் நீரினும் குறைந்த அடர்த்தியே. கனத்த கல்லுக்கே திரும்பினால், பெங்களூரு நகரின் அஸ்திவாரமாய்க் கிடக்கும், சுமார் 300 கோடி ஆண்டு வயதுடைய பாறையை லால்பாக் குன்றில் நேரிலேயே காணலாம்.