தீவில் ஒரு திரைப்படம்: நுழைவுச்சீட்டுக்கு எந்த ரூபாய்?

தசராவைக் காண நாடெங்கிலுமிருந்து மக்கள் மைசூருவுக்கு வந்து குவியும் நாள்களில், மைசூரு மக்களில் ஒரு பகுதியினர் பிள்ளைகளின் விடுமுறையைப் பயன்படுத்தி வெளியூர்ப் பயணம் புறப்படுகின்றனர். அவர்களுள் கடல் கடந்த தீவுகளை நாடுவோரும் உளர். இலங்கை, மாலத்தீவு, மொரீஷியஸ், இந்தோனேசியாவின் பாலி, தாய்லாந்தின் புக்கெட் என அவர்கள் சொல்லும் பெயர்களைக் கிளையில் அமர்ந்தபடியே கேட்டுக்கொண்டிருக்கிறோம். புறப்படும் முன் அவர்கள் எழுப்பும் ஐயங்கள் பெரும்பாலும் விமானக் கட்டணம், விடுதி முன்பதிவு ஆகிய பெருந்தொகைகளைப் பற்றியவை. உண்மையில் அத்தொகைகளில் குழப்பம் குறைவு. அவை இங்கிருந்தே, இந்திய ரூபாயிலேயே செலுத்தப்பட்டுவிடுகின்றன. பணம் கைக்குத் தெரியாமல் கசிவது போய்ச் சேர்ந்த பிறகு செய்யும் செலவுகளில்தான். அவற்றுள் ஒன்றை, ஒரு மாலை நேரத் திரைப்படத்தை, எடுத்துக்கொண்டு கணக்கைப் பார்ப்போம்.

தீவுக்குச் சென்று திரையரங்கில் உட்காருவதா என்று நகைக்க வேண்டியதில்லை. வெப்பமண்டலத் தீவில் பிற்பகல் மழை பிடித்துக்கொண்டால் கடற்கரைத் திட்டம் கலைந்துவிடும். பிள்ளைகள் விடுதி அறையில் எவ்வளவு நேரம்தான் அடங்கியிருப்பர்? இலங்கையில் நமக்கு வேறொரு வசதியும் உண்டு. அங்கே தமிழ் ஆட்சிமொழிகளுள் ஒன்று. நம் ஊரில் வெளியாகும் பெரிய தமிழ்ப் படங்கள் கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் திரையிடப்படுகின்றன. கொழும்பின் வெள்ளவத்தையிலும் பம்பலப்பிட்டியிலும் திரையரங்குகள் உள்ளன. யாழ்ப்பாணத்தின் கார்கில்ஸ் சதுக்கத்திலும் உண்டு. எம்.ஜி.ஆர். 1917இல் பிறந்தது கண்டியை அடுத்த நாவலப்பிட்டியில்தான். 1965இல் அவரும், பெங்களூரில் பிறந்து கன்னடத் திரையிலிருந்து தமிழுக்கு வந்த பி. சரோஜாதேவியும் இலங்கைக்குச் சென்று வந்தனர். ஆகவே அத்தீவில் தமிழ்ப் படம் பார்ப்பது அயல்நாட்டு அனுபவமாகவே தோன்றாது. அயல்நாடு என்பது நினைவுக்கு வரும் இடம் சீட்டு வழங்கும் முகப்பு ஒன்றே.

அங்கேதான் முதல் தடுமாற்றம் காத்திருக்கிறது. அறிவிப்புப் பலகையில் விலை ரூபாயில் இருக்கும். அது இலங்கை ரூபாய். இந்தியப் பெருங்கடல் தீவுகள் பலவற்றில் நாணயத்தின் பெயர் ஒரே வேரிலிருந்து வந்தது. இலங்கை, மொரீஷியஸ், செஷல்ஸ் ஆகியவற்றில் ரூபாய், மாலத்தீவில் ருஃபியா, இந்தோனேசியாவில் ருப்பியா. நம் வணிகர்களும் பின்னர் ஆங்கில ஆட்சியும் கொண்டுசென்ற சொல் அது. பெயர் ஒன்றாயினும் மதிப்பு வேறு. கொழும்பில் ஒரு சீட்டு 1,750 ரூபாய் என்று கண்டவுடன் திகைப்போர் உண்டு. அதைவிட ஆபத்தானது, அட்டை இயந்திரத்தின் சிறு திரையில் "ரூபாய்" என்ற சொல்லைக் கண்டு, எந்த ரூபாய் என்று பாராமலே பொத்தானை அழுத்திவிடுவது.

கணக்குக்காக, ஓர் இந்திய ரூபாய்க்கு 3.50 இலங்கை ரூபாய் என்று கொள்வோம். உண்மை விகிதம் நாள்தோறும் மாறும். பயண நாளின் விகிதத்தை வாசகர் பார்த்துக்கொள்ள வேண்டும். நால்வர் கொண்ட குடும்பத்துக்கு 1,750 வீதம் 7,000 இலங்கை ரூபாய். நம் கணக்கில் அது 2,000 ரூபாய். கடன் அட்டையை நீட்டி, இலங்கை ரூபாயிலேயே செலுத்தினால் என்ன நிகழ்கிறது? அட்டை வலைப்பின்னல் நிறுவனம் தன் விகிதப்படி தொகையை மாற்றி நம் வங்கிக்கு அனுப்புகிறது. வங்கி அதன்மேல் அயல்நாட்டு நாணயக் கட்டணம் சேர்க்கிறது. பல அட்டைகளில் இது 3.5 விழுக்காடு வரை உண்டு. சில அட்டைகளில் குறைவு, சிலவற்றில் இல்லவே இல்லை. 3.5 விழுக்காடு எனில் 70 ரூபாய். அக்கட்டணத்தின் மீது 18 விழுக்காடு சரக்கு மற்றும் சேவை வரி 12 ரூபாய் 60 காசு. ஆக மொத்தம் 2,082 ரூபாய் 60 காசு. பரிவர்த்தனை கணக்கில் ஏறுவது ஓரிரு நாள் கழித்து என்பதால், குறுஞ்செய்தியில் வந்த தொகைக்கும் கணக்கு அறிக்கையில் வரும் தொகைக்கும் சிறு வேறுபாடு இருக்கலாம். அது பிழையன்று.

இனி, இயந்திரம் இன்னொரு வழியைக் காட்டுவதும் உண்டு. அட்டை இந்தியாவுடையது என்பதை அது அறிந்துகொண்டு, "எல்.கே.ஆர். 7,000" என்றும் "ஐ.என்.ஆர். 2,153.85" என்றும் இரு தொகைகளைக் காட்டி எது வேண்டும் என்று கேட்கும். முன்னது இலங்கை ரூபாய், பின்னது இந்திய ரூபாய். நம் நாணயத்தைக் கண்டவுடன் மனம் அதை நாடுவது இயல்பு. ஆயினும் அந்த 2,153.85 எப்படி வந்தது? 3.50 என்ற விகிதத்துக்குப் பதிலாக 3.25 என்ற விகிதத்தில் மாற்றியதால் வந்தது. மாற்றியவர் நம் வங்கி அல்லர். அந்த இயந்திரத்துக்குப் பின்னால் உள்ள நிறுவனம். விகிதத்தை நிர்ணயிப்பதும் அவர்களே, வேறுபாட்டைப் பெறுவதும் அவர்களே. அதற்கு மேல், அயல்நாட்டு வணிகரிடம் இந்திய ரூபாயில் செலுத்தியதற்கென நம் அட்டையிலும் ஒரு கட்டணம் விதிக்கப்படலாம். அதாவது, மாற்றுச் செலவைத் தவிர்ப்பதாக எண்ணி இருமுறை செலுத்துகிறோம்.

இரு வழிகளுக்கும் உள்ள வேறுபாடு நான்கு சீட்டுகளுக்கு 71 ரூபாய் அளவே. சோளப்பொரி வாங்கும் காசு என்று விட்டுவிடலாம். ஆனால் அதே விகிதங்களில் 2,10,000 இலங்கை ரூபாய்க்கான விடுதிக் கட்டணத்தைச் செலுத்தினால், ஒரு வழியில் 62,478 ரூபாயும் மறுவழியில் 64,615 ரூபாயும் ஆகும். வேறுபாடு 2,137 ரூபாய். எங்கள் கிளை வாடிக்கையாளரான ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் பயணம் முடிந்து கணக்கு அறிக்கையுடன் வந்து, "நான் இந்திய ரூபாயில்தானே கொடுத்தேன், எனக்கு எதற்கு மாற்றுக் கட்டணம்?" என்று கேட்டார். ஆறு நாள் பயணத்தில் பதினொரு இடங்களில் அவர் இந்திய ரூபாயையே தேர்ந்தெடுத்திருந்தார். ஒவ்வோர் இரசீதிலும் பயன்படுத்திய விகிதமும், வாடிக்கையாளர் ஒப்புக்கொண்டார் என்ற வாசகமும், அவருடைய கையொப்பமும் இருந்தன. ஒப்புதல் அளித்த பரிவர்த்தனையை வங்கி திருப்பித் தர இயலாது. எனவே இயந்திரம் கேட்கும்போது அந்தந்த நாட்டு நாணயத்தையே தேர்ந்தெடுக்கவும். முகப்பில் இருப்பவர் தாமே இந்திய ரூபாயை அழுத்திவிட்டால், அப்பரிவர்த்தனையை நீக்கி மறுபடி செய்யுமாறு கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. பணம் எடுக்கும் ஏ.டி.எம். இயந்திரங்களும் இதே வினாவை எழுப்பும், விடையும் அதுவே.

இலங்கைக்கும் மொரீஷியஸுக்கும் செல்வோருக்கு அட்டையைத் தவிர வேறொரு வழியும் உண்டு. 2024 பிப்ரவரி 12 அன்று இவ்விரு நாடுகளிலும் யு.பி.ஐ. வாயிலாகப் பணம் செலுத்தும் வசதி தொடங்கப்பட்டது. மொரீஷியஸில் அன்றே ரூபே அட்டைக்கும் வழி பிறந்தது. இலங்கையில் வணிகர் வைத்திருக்கும் லங்கா க்யூ.ஆர். குறியீட்டை ஸ்கேன் செய்தால், இலங்கை ரூபாய்த் தொகையும் அதற்கு ஈடான இந்திய ரூபாய்த் தொகையும் கைப்பேசியில் தெரியும். ஒப்புக்கொண்டு இரகசிய எண்ணை இட்டால் நம் சேமிப்புக் கணக்கிலிருந்து ரூபாயாகவே பற்று வைக்கப்படும். ஒன்றை மறக்கலாகாது: செயலியில் அயல்நாட்டுப் பயன்பாட்டைத் தனியாக இயக்க வேண்டும். அவ்வசதி குறிப்பிட்ட காலத்துக்கே நீடிக்கும். இணைய இணைப்பும் தேவை. எல்லாத் திரையரங்குகளிலும் இது ஏற்கப்படும் என்று எண்ணிக்கொண்டு வெறுங்கையுடன் வரிசையில் நிற்க வேண்டாம். மற்றத் தீவுகளுக்குச் செல்வோர், தம் செயலியில் எந்தெந்த நாடுகள் உள்ளன என்பதை ஊரிலேயே பார்த்துக்கொள்வது நலம்.

அட்டையைப் பொறுத்தவரை ஊரிலேயே முடிக்க வேண்டிய வேலை ஒன்று உண்டு. இந்திய ரிசர்வ் வங்கி 2020 ஜனவரியில் பிறப்பித்த உத்தரவின்படி, புதிதாக வழங்கப்படும் அட்டைகள் உள்நாட்டு ஏ.டி.எம்.களிலும் கடை இயந்திரங்களிலும் மட்டுமே இயங்கும் நிலையில் தரப்படுகின்றன. அயல்நாட்டுப் பயன்பாட்டை வாடிக்கையாளரே கைப்பேசிச் செயலியிலோ இணைய வங்கிச் சேவையிலோ இயக்கி, உச்சவரம்பையும் குறித்துக்கொள்ள வேண்டும். இதை மறந்து தேவனஹள்ளியில் விமானம் ஏறிவிட்டால், கொழும்பில் இறங்கிய பிறகு ஒருமுறைக் கடவுச்சொல் வேண்டும். பதிவுசெய்த கைப்பேசி எண் ரோமிங் வசதியின்றி உறங்கினால் அதுவும் வராது.

இணையவழியில் முன்பதிவு செய்வோர் கவனிக்க வேண்டியது வேறு. உள்நாட்டு இணையதளங்களில் ஒருமுறைக் கடவுச்சொல் கேட்கப்படுவது நமக்குப் பழகிவிட்டது. அயல்நாட்டு இணையதளங்கள் பல அதைக் கேட்பதில்லை. அட்டை எண், காலாவதி நாள், பின்புற மூவெண் ஆகியவை போதும். அம்மூன்றும் தவறான இடத்தில் பதிந்தால் விளைவு என்ன என்பதை விளக்க வேண்டியதில்லை. சீட்டு பதிவானவுடன் இணையவழி அயல்நாட்டுப் பயன்பாட்டை மட்டும் நிறுத்திவிடலாம். கடை இயந்திரத்தில் பயன்படுத்துவதற்கு அது இடையூறாகாது. நாம் செய்யாத பரிவர்த்தனை குறித்துச் செய்தி வந்தால் ஊர் திரும்பும்வரை காத்திருக்க வேண்டாம். நம்மிடமும் வங்கியிடமும் குறையில்லாத மோசடியை, செய்தி கிடைத்த மூன்று வேலை நாள்களுக்குள் தெரிவித்தால் வாடிக்கையாளருக்கு இழப்புப் பொறுப்பு இல்லை என்று 2017 ஜூலையில் ரிசர்வ் வங்கி வகுத்தது. நான்கு முதல் ஏழு நாள்களுக்குள் என்றால் பொறுப்பு வரம்புக்குட்பட்டது. அதனால் வங்கியின் உதவி எண்ணை நாட்டுக் குறியீட்டுடன் ஒரு காகிதத்தில் எழுதிக் கைப்பேசியிலிருந்து தனியே வைத்திருப்பது நல்லது. காகிதத்தைக் கண்டு சிலர் சிரிப்பர். கைப்பேசியைத் தொலைத்தவர் சிரிப்பதில்லை.

ரொக்கமும் சிறிது வேண்டும். முச்சக்கர வண்டிக்கும் இடைவேளைத் தேநீருக்கும் அதுவே எளிது. இந்தியாவிலிருந்து ஒரு பயணத்துக்கு 3,000 அமெரிக்க டாலருக்கு ஈடான அயல்நாட்டு நோட்டுகளைப் பொதுவாகக் கொண்டுசெல்லலாம். இந்திய நோட்டுகள் 25,000 ரூபாய் வரை. அயல்நாட்டு நாணயம் வாங்கும்போது 50,000 ரூபாய் வரையே ரொக்கமாகச் செலுத்தலாம். நிரந்தரக் கணக்கு எண்ணான பான் தேவை. மாற்றுச் சேவைக்கும் சரக்கு மற்றும் சேவை வரி உண்டு. 20,000 ரூபாய்க்கு மாற்றினால் அது 45 ரூபாய். பௌர்ணமி தோறும் இலங்கையில் போயா விடுமுறை. அன்று வங்கிகள் திறவா. ஏ.டி.எம்.மில் எடுப்பதானால், ஒவ்வொரு முறையும் கட்டணம் உண்டு என்பதால் ஒரே முறை தேவையான அளவு எடுப்பது மேல்.

புக்கெட் செல்வோருக்கு வங்கி சாராத ஒரு செய்தி. தாய்லாந்துத் திரையரங்குகளில் படம் தொடங்கும் முன் அரசரைப் போற்றும் இசை ஒலிக்கும். எழுந்து நிற்பது அங்குள்ள மரபு. அந்தமானுக்கும் லட்சத்தீவுக்கும் செல்வோருக்கோ இந்தக் கணக்கு எதுவும் தேவையில்லை. அங்கே நம் ரூபாயே ரூபாய். இணைய இணைப்பு நலிந்த தீவுகளுக்காகச் சிறிது ரொக்கம் மட்டும் எடுத்துச் செல்லவும்.

பயணம் முடிந்தபின் மிஞ்சிய அயல்நாட்டு நோட்டுகளை 180 நாள்களுக்குள் வங்கியிலோ அங்கீகாரம் பெற்ற நாணய மாற்று நிலையத்திலோ ஒப்படைக்க வேண்டும். அடுத்த பயணத்துக்கென 2,000 டாலருக்கு ஈடானவற்றைக் கையில் வைத்திருக்கலாம். நாணயக் காசுகளுக்கு வரம்பில்லை. ஆனால் அவற்றை மாற்றித் தருவோரைக் காண்பது அரிது. எனவே கடைசி நாளன்று அக்காசுகளை அங்கேயே, படம் பார்த்த திரையரங்கின் தேநீர்க் கடையிலோ விமான நிலையத்திலோ செலவிட்டுவிட்டு வருவது எளிது.