உங்களுக்குத் தெரியுமா? – ஊர் மாறிய பெக்கான்

வால்நட்டின் குடும்பத்தைச் சேர்ந்த கொட்டை மரம் பெக்கான். அமெரிக்காவிலிருந்து கண்டம் விட்டுக் கண்டம் போன அதன் ரகங்கள், போன இடமெல்லாம் ஒரே மாதிரி காய்த்துவிடவில்லை.

● பெக்கானின் பூர்வீகம் மிசிசிப்பி ஆற்றுப் படுகையும் அதை ஒட்டிய அமெரிக்காவின் தென் மாநிலங்களும் வட மெக்சிகோவும்தான். டெக்சஸ் மாநிலம் 1919-இல் இதைத் தன் மாநில மரமாக அறிவித்தது.

● விதை போட்டு வளர்த்தால் தாய் மரத்தின் குணம் அப்படியே வராது. ஒட்டுக் கட்டியாக வேண்டும். லூசியானாவின் ஓக் ஆலி பண்ணையில் 1846-47 குளிர்காலத்தில் 16 மரங்களுக்கு ஒட்டுக் கட்டி வென்றவர் அந்துவான் என்ற அடிமைத் தோட்டக்காரர். 'சென்டெனியல்' என்ற ரகம் அப்படிப் பிறந்தது. அவருடைய முழுப்பெயர்கூட வரலாற்றில் பதிவாகவில்லை.

● இன்று உலகெங்கும் நடப்படும் 'வெஸ்டர்ன்', 'விச்சிட்டா' இரண்டுக்கும் பிறந்த வீடு டெக்சஸ். முன்னது சான் சபா ஊரில் தேர்ந்தெடுத்தது. பின்னது அமெரிக்க வேளாண் துறை இரு ரகங்களைக் கலந்து உருவாக்கி 1959-இல் வெளியிட்டது. வறண்ட காற்றும் பாசன நீரும் இரண்டுக்கும் ஒத்துப்போகும்.

● அந்த இரண்டையும் தென்னாப்பிரிக்காவின் ஈரக் கிழக்குப் பகுதியில் நட்டால் என்ன ஆகும்? சொறி நோய் பிடிக்கும். இலை நனைந்தே கிடக்கும் மழைநாள்களில் ஒரு பூஞ்சை இலையிலும் காயின் மேல்தோலிலும் கரும்புள்ளி போடும். காய் சிறுத்துப்போகும், முற்றுமுன் உதிரவும் செய்யும்.

● நாடு அதே, ரகம் அதே. ஆனால் மேற்கே அரைப்பாலைவனமான வடக்கு கேப் மாகாணத்தில் கதை தலைகீழ். குளிர்காலத்தில் நல்ல குளிர், கோடையில் சுடும் வெயில், காற்றில் ஈரமில்லை, வால்ஹார்ட்ஸ் திட்டத்துக் கால்வாயில் தண்ணீர். பெக்கான் தோப்புகள் பெருகியது இங்கேதான். பயம் உறைபனிக்கு மட்டும்; இளங்கன்றுகளை அது கருக்கிவிடும்.

● ஈரப் பகுதிக்காரர்கள் கைவிடவில்லை. சொறி நோயைத் தாங்கும் 'உக்குலிங்கா' போன்ற உள்ளூர்த் தேர்வுகளை நட்டார்கள்.

● ஆஸ்திரேலியாவுக்குப் பெக்கானைப் பெரிய அளவில் கொண்டுபோனது நியூ மெக்சிகோவைச் சேர்ந்த ஸ்டாமன் குடும்பம். 1970-களில் நியூ சவுத் வேல்ஸின் மோரீ அருகே தோப்பு எழுந்தது. அங்கும் நட்டது விச்சிட்டாவும் வெஸ்டர்னும்தான். உள்நாட்டின் வறண்ட வெயில் கைகொடுத்தது.

● வெயில் அளவு மீறினாலும் வம்புதான். மெக்சிகோவின் சொனோரா கடலோரம் போல இலையுதிர்காலமும் சூடாக இருக்கும் இடங்களில், அறுவடைக்கு முன்பே கொட்டை மரத்திலேயே முளைத்துவிடும். விச்சிட்டாவுக்கு இந்தப் பழக்கம் அதிகம். முளைத்த பருப்பு விலை போகாது.

● எதிர்ப்பக்கம் இங்கிலாந்து. மரம் ஓங்கி வளரும். ஆனால் கோடை போதாமல் பருப்பு நிறையாது. கோடை குறுகிய இடங்களுக்காகவே முந்தி முதிரும் ரகங்கள் உண்டு. 1984-இல் வெளிவந்த 'பானி' செப்டம்பரிலேயே அறுவடைக்கு வந்துவிடும்.

● காரமண்ணுக்குப் போன பெக்கானில் இலை சிறுத்துக் கொத்துக் கொத்தாக நிற்கும். இரும்புச்சத்துக் குறைவு என்று எண்ணிய அமெரிக்க ஆய்வாளர்கள் அன்னபேதிக் கரைசல் கொடுத்துப் பார்த்தார்கள். சில மரங்கள் மட்டும் தேறின. காரணம், கரைசல் கலக்கிய வாளியின் துத்தநாகப் பூச்சு! 1930-களில் கிடைத்த அந்தத் துப்புதான், இன்றும் காரமண் தோப்புகளில் துத்தநாகம் தெளிக்கக் காரணம்.

● ஒரே மரத்தில் ஆண் பூவும் பெண் பூவும் உண்டு. ஆனால் ஒரே நேரத்தில் தயாராவதில்லை. வெஸ்டர்னில் ஆண் பூ முந்தும். விச்சிட்டாவில் பெண் பூ முந்தும். அதனால்தான் இரண்டையும் கலந்து நடுகிறார்கள். மகரந்தத்தைக் கடத்துவது காற்று. புதிய இடத்தின் குளிரும் வெயிலும் இந்தக் கால அட்டவணையைக் கலைக்கக்கூடும். அமெரிக்காவில் பொருந்திய ஜோடி வேறு நாட்டில் பொருந்தாமல் போவதும் நடக்கும்.

● நோயைத் தாங்கும் ரகம் என்ற பட்டம் நிரந்தரமல்ல. ஒரே ரகத்தைப் பரவலாக நட்டால், பூஞ்சை அதற்கேற்ப மாறிக்கொள்ளும்.

● பூமியின் தென்பாதிக்குப் போன மரத்துக்கு ஒரு லாபம் உண்டு. அமெரிக்காவில் அக்டோபரை ஒட்டி அறுவடை. தென்னாப்பிரிக்காவிலோ மே முதல் ஆகஸ்ட் வரை. அமெரிக்கச் சரக்கு குறையும் மாதங்களில் தென்னாப்பிரிக்கப் பெக்கான் ஓட்டோடு சீனாவுக்குக் கப்பலேறுகிறது.

● இந்தியாவில் இமாச்சலப் பிரதேசம், ஜம்மு-காஷ்மீர் ஆகியவற்றின் நடுத்தர உயர மலைச்சரிவுகளில் பெக்கான் காய்க்கிறது. இலையுதிர்த்து ஓய்வெடுக்க அதற்குக் குளிர் வேண்டும். சமவெளித் தோட்டத்தில் அது கிடைக்காது.

எனவே, வெளிநாட்டு ஒட்டுக்கன்று வாங்கப் போகிறவர்கள் 'ஏக்கருக்கு எவ்வளவு காய்க்கும்?' என்று கேட்பதற்கு முன், அந்தக் கணக்கு எந்த மண்ணில், எந்த வானிலையில் எடுத்தது என்று கேளுங்கள்.