எட்டுத் தலை உயர நாயகன்



புனே அருகே ரஞ்சன்காவ் மகாகணபதி கோயில், அஷ்டவிநாயகர் தலங்களில் ஒன்று. திரிபுரத்தை அழிக்கப் புறப்பட்ட சிவனே இங்கே கணபதியை வணங்கிவிட்டுத்தான் போருக்குப் போனார் என்கிறது தலபுராணம். அந்தக் கணபதியின் சிலைக்குச் சிற்ப நூல்கள் சொல்லும் உயரம், முகத்தின் நீளத்தைப் போல 5 மடங்கு. காமிக்ஸ் சூப்பர் ஹீரோவுக்கோ பெரும்பாலும் 8 தலை உயரம்.

அப்படி ஒரு சூப்பர் ஹீரோவை நீங்களும் வரையலாம், குட்டீஸ்! தாளில் மேலிருந்து கீழாக 8 சம கட்டங்கள் போடுங்கள். முதல் கட்டத்தில் தலை. மூன்றாவது முடியும் இடத்தில் தொப்புள், நான்காவதில் இடுப்பின் கீழ்ப்பகுதி, ஆறாவதில் முழங்கால், எட்டாவதில் பாதம். பென்சிலை அழுத்தாமல் முதலில் குச்சி உருவம், பிறகு உடம்பு. உடையும் நெஞ்சில் சின்னமும் கடைசியில். ஆனால் உங்கள் ஹீரோவுக்கு என்ன சக்தி என்பதை மட்டும் முதலிலேயே முடிவு செய்துவிடுங்கள்!