விடுபட்ட பெயர்களும் நின்றுபோகும் மாத்திரைகளும்

திருப்பூர், அவிநாசி, பல்லடம், பெருமாநல்லூர் வட்டாரங்களில் பனியன் தொழிலை நம்பி வாழும் குடும்பங்களில், முதியோரின் சர்க்கரை நோயும் இரத்தக் கொதிப்பும் கைமீறிப் போவதற்கான காரணத்தை ஆராய்ந்தால், மருந்து கிடைக்காமையைவிட, கிடைக்கும் மருந்தைப் பெறுவதற்கான பதிவு செய்யப்படாமையே முன்னால் வந்து நிற்கிறது. மகனின் சம்பளத்தில் மாதந்தோறும் இ.எஸ்.ஐ. சந்தா பிடிக்கப்பட்டும் தாயின் பெயர் அவனுடைய அட்டையில் சேர்க்கப்படாமல் இருப்பதும், இருபது ஆண்டுகள் சந்தா கட்டிய தொழிலாளி வேலையை விட்ட அன்றே தமக்கு எல்லாம் முடிந்துவிட்டதாக எண்ணிக்கொள்வதும், வாடகை வீடு மாறியதால் வீடு தேடி வந்துகொண்டிருந்த மாத்திரை நின்றுபோவதும் இங்கு அன்றாடம் நடப்பவை. இவை மூன்றுக்கும் தீர்வு உண்டு. அத்தீர்வு எந்த அலுவலகத்தில், எந்தக் காகிதத்தில் இருக்கிறது என்பதைச் சொல்ல வேண்டிய நிறுவனங்களும் அலுவலர்களும் அதைச் சொல்வதில்லை என்பதுதான் கொடுமை.

நாட்பட்ட நோய் என்பது முற்றாகக் குணமாகாமல், ஆனால் கட்டுக்குள் வைக்கக்கூடியதாக, ஆயுள் முழுவதும் உடனிருக்கும் நோய். அத்தகைய நோயில் மருத்துவர் நோயாளியைப் பார்ப்பது மாதத்துக்குச் சில நிமிடங்களே. எஞ்சிய நாட்கள் முழுவதும் நோயாளியும் குடும்பத்தாரும் செய்துகொள்வதே சிகிச்சை. இதனையே சுயபராமரிப்பு என்கின்றனர். பார்பரா ரீகலும் அவருடன் பணியாற்றியவர்களும் 2012-இல் வெளியிட்ட கோட்பாடு இதனை மூன்றாகப் பகுக்கிறது: மருந்து, உணவு, நடை ஆகியவற்றைத் தவறாமல் பேணுதல், உடலில் ஏற்படும் மாற்றங்களைக் கண்காணித்தல், மாற்றம் தெரிந்தவுடன் தக்கதைச் செய்தல். முதியவர் ஒருவர் இம்மூன்றையும் தனியே செய்துகொள்வார் என்று எதிர்பார்ப்பது நடைமுறைக்கு ஒவ்வாது. கண்பார்வை மங்கியவர், மாத்திரை அட்டையிலுள்ள எழுத்தைப் படிக்க இயலாதவர், வீட்டில் உள்ள அனைவரும் காலை எட்டரை மணிக்கு ஒன்றரை ஷிப்டுக்குப் புறப்பட்டு இரவு எட்டரைக்குத் திரும்பும்வரை லைன் வீட்டில் தனித்திருந்து பிசிர் வெட்டிக்கொண்டிருப்பவர் ஆகியோருக்குத் துணை இல்லாமல் சுயபராமரிப்பு இல்லை.

தமிழ்நாட்டில் 2020-இல் நடத்தப்பட்ட ஆய்வு, மிகை இரத்த அழுத்தம் உடையோரில் 7.3 விழுக்காட்டினருக்கும், சர்க்கரை நோய் உடையோரில் 10.8 விழுக்காட்டினருக்கும் மட்டுமே நோய் கட்டுக்குள் இருப்பதாகக் காட்டியது. அதன் விளைவாகவே 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் தொடங்கப்பட்டது. 2024-இல் அது ஐக்கிய நாடுகள் அவையின் விருதையும் பெற்றது. பெண் சுகாதாரத் தன்னார்வலர் வீட்டுக்கே வந்து அழுத்தத்தையும் சர்க்கரையையும் பரிசோதித்து மாத்திரை கொடுப்பது இதன் அடிப்படை. நடமாட இயலாதோருக்கு இயன்முறைச் சிகிச்சையும், படுக்கையில் கிடப்போருக்கு நோய்த்தணிப்புச் செவிலியரின் கவனிப்பும் இதில் அடங்கும். திட்டம் நல்லது என்பதில் ஐயமில்லை. ஆயினும் தன்னார்வலர் ஒருவருக்கு ஒதுக்கப்பட்ட பகுதியின் பட்டியலில் பெயர் இருந்தால்தான் அவர் அவ்வீட்டுக்கு வருவார். தேனி, மதுரை, திண்டுக்கல் பகுதிகளிலிருந்து பிழைக்க வந்து, வாடகை ஏறும்போதெல்லாம் வீடு மாற்றும் குடும்பத்து முதியவர் அப்பட்டியலிலிருந்து எளிதில் நழுவிவிடுகிறார். ஆகவே வீடு மாறியவுடன், கேஸ் இணைப்பை மாற்றுவதற்கு முன்பாகவே, பழைய மருந்துக் குறிப்பேட்டை எடுத்துக்கொண்டு புதிய பகுதியின் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ சென்று, அங்குள்ள தொற்றா நோய்ப் பிரிவில் பெயரைப் பதியச் செய்து, அப்பகுதித் தன்னார்வலரின் கைபேசி எண்ணைக் கேட்டு வாங்குதல் வேண்டும். முதியவர் வர இயலாதவரெனில் குடும்பத்தார் ஒருவர் குறிப்பேட்டுடன் சென்று வீட்டுக்கு வருமாறு கேட்கலாம். தன்னார்வலர் தாமே தேடி வரட்டும் என்று காத்திருக்கும் நாட்களில்தான் பக்கவாதம் வருகிறது.

அடுத்ததாக இ.எஸ்.ஐ. எனப்படும் தொழிலாளர் அரசு ஈட்டுறுதி. பத்துப் பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் நிறுவனங்களில் மாதம் 21,000 ரூபாய் வரை ஊதியம் பெறுவோருக்கு இது கட்டாயம். ஊதியத்தில் தொழிலாளியின் பங்கு 0.75 விழுக்காடும், முதலாளியின் பங்கு 3.25 விழுக்காடும் ஆகும். பீஸ் ரேட்டுக்கு வேலை செய்பவரும் காண்டிராக்டர் வழியாக வந்தவரும் இதற்குள் அடங்குவர். காண்டிராக்டர் கட்டாவிட்டால் முதன்மை முதலாளியே பொறுப்பு. இவ்வளவும் பலருக்குத் தெரியும். தெரியாதது, தொழிலாளியைச் சார்ந்து வாழும் பெற்றோரும் ஈட்டுறுதிச் சட்டத்தில் குடும்பத்தினரே என்பது. எல்லா வழிகளிலும் வரும் மாத வருமானம் 9,000 ரூபாயைத் தாண்டாத, தொழிலாளியைச் சார்ந்த தாயும் தந்தையும் இ.எஸ்.ஐ. மருத்துவ உதவிக்கு உரியவர்கள். மாதம் 1,200 ரூபாய் முதியோர் உதவித்தொகை வாங்குவது இதற்குத் தடையாகாது. அதாவது, சர்க்கரை மாத்திரை, இன்சுலின், இரத்தப் பரிசோதனை, உள்நோயாளிச் சிகிச்சை ஆகியவை அனைத்தும் ஏற்கெனவே பிடித்தம் செய்யப்பட்ட சந்தாவுக்குள் அடக்கம். தனியே ஒரு ரூபாயும் கட்ட வேண்டியதில்லை.

பெயர் சேர்க்கும் முறை கடினமானதன்று. பணியில் சேரும் நாளில் நிறுவனத்தின் நேரக் காப்பாளரோ கணக்கரோ இணையத்தில் தொழிலாளியின் விவரங்களை ஏற்றும்போது, குடும்ப விவரப் பகுதியில் பெற்றோரின் பெயர், பிறந்த தேதி, ஆதார் ஆகியவற்றையும் ஏற்ற வேண்டும். அவசரத்தில் பலரும் தொழிலாளியின் பெயரை மட்டும் ஏற்றிவிட்டு, ஈட்டுறுதி எண்ணைத் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்து அனுப்பிவிடுகின்றனர். அவ்வாறு விடுபட்டிருந்தால் பின்னரும் சேர்க்கலாம். குடும்ப ஒளிப்படம், பெற்றோரின் ஆதார், அவர்கள் தம்மைச் சார்ந்திருப்பதாகத் தொழிலாளி எழுதித் தரும் உறுதிமொழி ஆகியவற்றை நிறுவனத்தின் வழியாகவோ, இ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்தில் நேரிலோ கொடுக்கலாம். சேர்க்கப்பட்ட பின் அடையாள அட்டையின் அச்சு நகலைக் கேட்டு வாங்கி, பெற்றோரின் பெயர் அதில் அச்சாகியிருக்கிறதா என்று கண்ணால் பார்க்க வேண்டும். “ஏத்தியாச்சு, போங்க” என்ற வாய்ச்சொல் போதாது. மற்றொன்றும் இங்கே குறிப்பிடத்தக்கது: தொழிலாளி திருப்பூரிலும் பெற்றோர் சொந்த ஊரிலும் வாழ்ந்தால், தமக்கு ஒரு மருந்தகத்தையும் குடும்பத்தாருக்கு அவர்களின் ஊருக்கு அருகிலுள்ள வேறொரு மருந்தகத்தையும் பதிவில் குறிப்பிடலாம். ஆண்டிபட்டியில் இருக்கும் தாய் மாத்திரைக்காகத் திருப்பூருக்குப் பேருந்து ஏற வேண்டிய கட்டாயம் இல்லை.

ஓய்வு பெற்ற தொழிலாளரின் நிலை இதைவிடக் கவலைக்குரியது. இ.எஸ்.ஐ. மத்திய விதிகளின் 61-ஆம் விதிப்படி, குறைந்தது ஐந்து ஆண்டுகள் ஈட்டுறுதியில் இருந்து, ஓய்வு வயதை எட்டி வேலையை விட்டவர், மாதத்துக்கு 10 ரூபாய் வீதம் ஆண்டுக்கு 120 ரூபாயை முன்பணமாகக் கட்டினால், அவருக்கும் அவருடைய துணைவருக்கும் மருத்துவ உதவி தொடரும். ஆண்டுக்கு நூற்றிருபது ரூபாய்: திருப்பூரில் ஒரு நாள் டீ, பன் செலவுக்கு மேல் வராத தொகை. இதை அறியாமல் மாதந்தோறும் மெடிக்கலில் ஆயிரக்கணக்கில் கொடுத்து மாத்திரை வாங்குவோர், வாங்க முடியாமல் பாதி மாத்திரையாக உடைத்து விழுங்குவோர் எத்தனையோ பேர். பாதி மாத்திரை முழுச் சிகிச்சை ஆகாது. அழுத்தம் கட்டுக்குள் வராமல் போகலாம், மருந்து சாப்பிடுகிறோம் என்ற பொய்யான நிம்மதி மட்டும் மிஞ்சும்.

இவ்விதியின் பயனை இழக்கச் செய்வது பெரும்பாலும் ஒரே ஒரு சொல். நிறுவனம் மாதந்தோறும் இ.எஸ்.ஐ. இணையதளத்தில் ஏற்றும் சந்தாப் பட்டியலில், வேலையை விட்டவரின் பெயருக்கு எதிரே காரணம் குறிக்கும் கட்டம் ஒன்று உண்டு. அதில் ‘பணியிலிருந்து விலகினார்’ என்பதற்கு ஓர் எண்ணும் ‘ஓய்வு பெற்றார்’ என்பதற்கு வேறோர் எண்ணும் உள்ளன. கணக்கர் பழக்கத்தில் முதலாவதைக் குறித்துவிட்டால், அறுபது வயதுத் தொழிலாளி இடையில் வேலையை விட்டுப்போனவராகப் பதிவாகிவிடுவார். ஆகவே கடைசிச் சம்பளம் வாங்கும் சனிக்கிழமைக்கு முன்பே, ஓய்வு வயதை எட்டியதால் பணியிலிருந்து விடுவிக்கப்படுகிறார் என்று நிறுவனத்தின் முத்திரையுடன் கடிதம் பெறுவதும், இணையத்திலும் அதே காரணம் குறிக்கப்பட வேண்டும் என்று கேட்பதும் இன்றியமையாதவை. பனியன் கம்பெனிகளில் ஓய்வு வயது எழுத்தில் எங்கும் இல்லையே என்ற தயக்கம் வேண்டாம். ஓய்வு வயது நிர்ணயிக்கப்படாத இடத்தில், ஈட்டுறுதிக்குரிய வேலையில் இல்லாதவருக்கு 60 வயதே ஓய்வு வயது என்று ஈட்டுறுதிச் சட்டத்தின் விளக்கம் கூறுகிறது. கிளை அலுவலகத்தில் மறுத்தால் இந்த விளக்கத்தையே சுட்டி எழுத்தில் மனுக் கொடுத்து, மனுவின் நகலில் தேதி முத்திரை பெற வேண்டும், இ.எஸ்.ஐ.யின் கட்டணமில்லா எண்ணாகிய 1800 11 2526-இலும் புகார் செய்யலாம். கட்டிய பணம் ஓராண்டுக்கு மட்டுமே. ஆண்டு முடியும் முன் புதுப்பிக்காவிட்டால் உதவி நின்றுவிடும், மாத்திரையும் நின்றுவிடும்.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை வீட்டில் இருப்பதால் இவையெல்லாம் தேவையில்லை என்று கருதுவது பரவலான பிழை. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குக் குறைவான குடும்பங்களுக்கு உரிய அத்திட்டம், ஆண்டுக்கு ஐந்து லட்சம் ரூபாய் வரை, பட்டியலிட்ட சிகிச்சைகளுக்கும் அறுவைகளுக்கும் மருத்துவமனையில் சேரும்போது உதவுவது. மாதாந்தர மாத்திரை அதில் வராது. அட்டை இல்லாதோர் வருமானச் சான்று, குடும்ப அட்டை, ஆதார் ஆகியவற்றுடன் பல்லடம் சாலையிலுள்ள மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தின் காப்பீட்டுப் பதிவு மையத்தை அணுகலாம். ஐயங்களுக்கு 1800 425 3993 என்ற எண் உள்ளது.

காகிதங்கள் சரியான பின்னும் வீட்டுக்குள் நிகழும் தவறுகள் உயிரைப் பறிக்கக்கூடியவை. முதலாவது, அழுத்தம் சரியாக இருக்கிறது என்று மாத்திரையை நிறுத்துவது. மாத்திரையால்தான் அழுத்தம் சரியாக இருக்கிறது. நிறுத்தினால் மறுபடி ஏறும், ஏறும்போது தலைவலிகூட இல்லாமல் ஏறும். இரண்டாவது, சர்க்கரை மாத்திரையை விழுங்கிவிட்டு மதிய உணவைத் தள்ளிப்போடுவது. கிளிமிபிரைடு போன்ற மாத்திரையோ இன்சுலினோ எடுத்த முதியவர் உண்ணாமல் இருந்தால் இரத்தச் சர்க்கரை 70 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கக்கூடும், இதுவே தாழ்சர்க்கரை. வியர்வை, நடுக்கம், குழறல் தெரிந்தவுடன் மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கச் செய்து, பதினைந்து நிமிடத்தில் மறுபடி பார்க்க வேண்டும். நினைவிழந்தவருக்கு வாயில் எதையும் ஊற்றக் கூடாது. 108-ஐ அழைக்க வேண்டும். பகலில் தனித்திருக்கும் முதியவருக்கு அருகில் சர்க்கரை டப்பாவும், மதியம் ஒருமுறை எட்டிப் பார்க்கும் பக்கத்து வீட்டாரும் இருப்பது அவசியம்.

மூன்றாவது, இன்சுலின் ஊசி. இந்தியக் கடைகளில் 40 அலகு, 100 அலகு என இரு வகை இன்சுலின் கிடைக்கின்றன. 40-க்குரிய ஊசியின் மூடி சிவப்பு, 100-க்குரியது ஆரஞ்சு. நூறு அலகுக் குப்பியிலிருந்து சிவப்பு மூடி ஊசியால் எடுத்தால் உடலில் இரண்டரை மடங்கு மருந்து ஏறும். குப்பியின் மேல் உள்ள எண்ணையும் ஊசியின் மூடியையும் ஒவ்வொரு முறை வாங்கும்போதும் ஒப்பிட்டுப் பார்ப்பது படித்த பிள்ளைகளின் பொறுப்பு. குளிர்பெட்டி இல்லாத வீட்டில், பயன்பாட்டில் உள்ள குப்பியை வெயில் படாமல், ஈர மண்பானைக்குள் நீர் புகாத டப்பாவில் வைத்து, திறந்த தேதியை அதன்மேல் எழுதி, 28 நாட்களில் முடித்துவிட வேண்டும்.

மூட்டுவலிக்காக மெடிக்கலில் பெயரில்லாத காகித உறையில் வாங்கும் மாத்திரைகளைப் பற்றி எத்தனை முறை எச்சரித்தாலும் போதாது. பெயரும் அட்டையும் இல்லாத மாத்திரையில் வலிநிவாரணியோ ஸ்டீராய்டோ இருக்கலாம்; முன்னது ஏற்கெனவே சர்க்கரையால் களைத்த சிறுநீரகத்தைக் கெடுக்கும், பின்னது சர்க்கரையை ஏற்றும். அட்டையும் பில்லும் இல்லாமல் மாத்திரை வாங்கக் கூடாது. கொடுக்கும் கடை மீது மருந்து ஆய்வாளரிடம் எழுத்தில் புகார் செய்யலாம். முதல்வர் மருந்தகம், மக்கள் மருந்தகம் ஆகியவற்றில் அதே மூலக்கூறு மருந்துகள் குறைந்த விலைக்குக் கிடைக்கும்போது காகித உறைக்கு அவசியமே இல்லை.

பிள்ளைகள் மருந்துச் செலவை மறுத்துக் கைவிட்ட முதியோருக்குத் தனிச் சட்டம் இருக்கிறது. 2007-ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம் பராமரிப்பு என்ற சொல்லுக்குள் மருத்துவக் கவனிப்பையும் சிகிச்சையையும் சேர்த்தே வரையறுக்கிறது. திருப்பூர், தாராபுரம், உடுமலைப்பேட்டை ஆகிய வருவாய்க் கோட்டங்களில் அந்தந்தக் கோட்ட அலுவலரே தீர்ப்பாயத் தலைவர். மாதம் 10,000 ரூபாய் வரை பராமரிப்புத் தொகைக்கு உத்தரவிடலாம். மனுவை முதியவரோ அவர் அதிகாரம் அளித்தவரோ கொடுக்கலாம். எதிர்தரப்புக்கு அறிவிப்பு சேர்ப்பிக்கப்பட்ட நாளிலிருந்து தொண்ணூறு நாட்களில் முடிக்க வேண்டும் என்பது விதி. மனுவுடன் மருந்துச் சீட்டுகளையும் மூன்று மாத மருந்து பில்களையும் இணைத்தால், தொகையை நிர்ணயிக்கத் தீர்ப்பாயத்துக்கு ஆதாரம் கிடைக்கும். எங்கே தொடங்குவது என்று தெரியாதவர்கள் மூத்த குடிமக்களுக்கான 14567 என்ற எண்ணை அழைத்தால் தமிழிலேயே வழிகாட்டுவார்கள்.